பெருங்காயம் அளவு புகை

1

என் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. 2016இல் ஆரம்பித்தது. தேதி, நேரம், புகையிலையின் பெயர், செலவான தீக்குச்சிகள், சுவை, குறிப்பு என்று ஆறு கட்டங்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தால் அதற்கும் லாக் எழுதி வைப்பான் போலிருக்கிறது. அந்த ஷீட்டில் 2021 மே, ஜூன் மாதங்களில் 34 நாட்களுக்குச் சுவைக் கட்டம் காலியாக இருக்கிறது. நேரக் கட்டம் மட்டும் ஒழுங்காக நிரம்பியிருக்கிறது. மொத்தம் 71 வரிகள். எல்லா வரியிலும் ஒரே பெயர்தான்: எர்லி மார்னிங் பைப்.

இந்தக் கட்டுரை அந்தப் பைப் புகையிலைக் கலவையைப் பற்றிய ஒரு மதிப்புரை. அந்த 71 காலிக் கட்டங்களைப் பற்றியதும்தான்.

புகையிலைக்கெல்லாம் மதிப்புரையா என்று கேட்கலாம். உண்டு. புத்தகத்துக்கு, ஒயினுக்கு இருப்பது மாதிரியே பைப் புகையிலைக்கும் ஒரு விமர்சன மரபு இங்கிலீஷில் இருக்கிறது. வழக்கமாக நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: காரம் எவ்வளவு, மேலே வாசனை சேர்த்திருக்கிறதா, ருசி எப்படி, கடைசியாக 'ரூம் நோட்'. அதாவது புகைப்பவர் போனபிறகு அறையில் நிற்கும் வாசம். முதல் மூன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான்காவதற்கு ஒரு வரி. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது என்று புரிய எனக்கு ஐந்து வருடமும் ஒரு வைரஸும் தேவைப்பட்டன.

2

2016இல் லண்டனுக்குப் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் எட்டு மாதம் ஆன்சைட் வேலை. கிளையண்ட் ஆபீஸில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. காலை ஏழரைக்கு கார் பார்க்கிங் ஓரத்தில் பைப்போடு நிற்பார். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் டின்னை நீட்டி மோந்து பார்க்கச் சொன்னார். ஊரில் பைப் என்றால் எனக்குத் தெருக் குழாய்தான். பழைய மொழிபெயர்ப்பு நாவல்களில் துரைமார்கள் பிடிக்கும் 'சுங்கான்' இதுதானா என்று அன்றைக்குத்தான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

டின்னில் டன்ஹில் என்று போட்டிருந்தது. ஆல்ஃபிரட் டன்ஹில் 1893இல் அப்பாவின் குதிரைச் சேணத் தொழிலை ஏற்று நடத்தியவர். கார் வந்தது. குதிரைக்கு இனி வேலை இல்லை என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு கார் ஓட்டுபவர்களுக்கான கோட்டு, கண்ணாடி, விளக்கு என்று விற்க ஆரம்பித்தார். திறந்த காரில் காற்று அடித்து அணையாமல் இருக்க, முன்னால் தடுப்பு வைத்த பைப் ஒன்றை 1904இல் கொண்டுவந்தார். 1907இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை போட்டார். வாடிக்கையாளர் தன் ருசியைச் சொன்னால் அதற்கேற்ப இலைகளைக் கலந்து கொடுத்து, விகிதத்தை நம்பர் போட்டு ஒரு பேரேட்டில் எழுதி வைப்பார்கள். 'மை மிக்ஸ்ச்சர்' பேரேடு என்று அதற்குப் பெயர். யாரோ ஒருவருக்கான 965ஆம் கலவை பிற்பாடு டின்னில் அடைபட்டு உலகமெல்லாம் போனது. முதன்முதலில் இதைப் படித்தபோது வெர்ஷன் கண்ட்ரோல் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை போல என்று தோன்றியது.

அந்தப் பட்டியலில் இரண்டு கலவைகளுக்கு நாளின் வேளையைப் பெயராக வைத்தார்கள். ஒன்று எர்லி மார்னிங் பைப், இன்னொன்று நைட்கேப். காலைக்கும் ராவுக்கும் ராகம் பிரித்து வைப்பதுபோல. நைட்கேப் கனமானது, இருட்டானது. காலைப் பைப் அதற்கு நேரெதிர். அதில் இருப்பது மூன்று வகை இலை. பெரும்பங்கு வர்ஜீனியா. அதோடு ஓரியண்டல், அதாவது துருக்கி, கிரீஸ், மாசிடோனியா பக்கத்துச் சின்ன இலை. கடைசியாக லடாக்கியா, மரப்புகையில் கருகக் கருகப் பதப்படுத்திய கறுப்பு இலை. மூன்றையும் மெல்லிய நாடாவாக நறுக்கிக் கலந்திருப்பார்கள். டின்னைத் திறந்தால் பொன்னிறமும் பழுப்பும். நடுவில் அங்கங்கே கறுப்பு இழை.

3

இதன் பெருமையெல்லாம் அந்தக் கறுப்பு இழையின் அளவில் இருக்கிறது.

லடாக்கியா என்பது அடக்கமில்லாத இலை. கொஞ்சம் கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதை அள்ளிப்போட்டு, புகை வாசத்தையே சாதனையாக்கும் கலவைகள் நிறைய உண்டு. புதிதாகப் பைப் பிடிப்பவர்களுக்கு அவைதான் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. முதல் நாவல் எழுதுபவர் எல்லா அத்தியாயத்திலும் ஒரு மரணம் வைப்பதுபோல. எர்லி மார்னிங் பைப்பில் லடாக்கியா சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. இருக்கும்போது பெருங்காயம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. போடாவிட்டால் முதல் வாயிலேயே தெரியும்.

பற்றவைத்ததும் முதலில் வருவது ஓரியண்டலின் புளிப்பு. மாங்காய்ப் புளிப்பு அல்ல, நேற்றைய மாவின் புளிப்பு. அதற்குப் பின்னால் வர்ஜீனியாவின் இனிப்பு மெதுவாக எழும். தோசைக்கல்லில் ஓரம் முறுகும்போது வருகிற இனிப்பு அது. சர்க்கரை போட்ட இனிப்பு இல்லை, மாவே வெந்து தரும் இனிப்பு. லடாக்கியா அப்போது எங்கே இருக்கிறது என்றால், பக்கத்து வீட்டு விறகடுப்பில். நம் வீட்டில் இல்லை. புகையை வாயில் வைத்திருந்து, கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விட்டால்தான் அது உள்ளே வரும்.

பாதிக் கிண்ணத்தில் இந்த மூன்றும் ஒன்றாகின்றன. ஒரு பத்து நிமிடம் எது எந்த இலை என்று பிரிக்க முடியாது. இந்தக் கலவையை மதிக்க அந்தப் பத்து நிமிடம் போதும். பிறகு சரிவு. மெல்லிய நறுக்கு என்பதால் சீக்கிரம் எரிகிறது. வேகமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும். கடைசிக் கால்பங்கில் சாம்பலும் ஈரமும்தான். முடிவு எழுதத் தெரியாத நல்ல சிறுகதை என்று ஒரு நாள் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். அது இப்போதும் சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த மாவும் தோசைக்கல்லும் நான் பிற்பாடு கண்டுபிடித்தவை. 2016, 2017 வரிகளைத் திறந்து பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 'காய்ந்த அத்திப்பழம்', 'பழைய தோல் இருக்கை', 'குதிரைச் சேணம்', 'கேம்ப்ஃபயர்'. நான் குதிரைப் பக்கத்தில் நின்றதே மெரினாவில்தான், அதுவும் பத்தடி தள்ளி. சேணம் எப்படி மணக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? டன்ஹில்லுக்குத் தெரியும், அவர் அப்பா தொழில் அது. நான் செய்தது ருசிப்பது அல்ல, மற்றவர்கள் எழுதிய மதிப்புரைகளை என் நாக்கில் தேடியது. தேடினால் கிடைக்கும். அதுதான் ஆபத்து. இரவல் சொல் கொஞ்ச நாளில் இரவல் அனுபவமாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பு விமர்சனங்களைப் படித்துவிட்டு மொழிபெயர்ப்புக் கவிதையைப் பாராட்டும் நம் பழக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

4

இரவல் சொற்களில் இன்னொரு வசதி உண்டு. அவை அழகானவற்றை மட்டுமே சொல்லும். வைக்கோல், எலுமிச்சைத் தோல், தேன், புதிய ரொட்டி. வர்ஜீனியா இலைக்கு எந்த மதிப்புரையை எடுத்தாலும் இந்த நான்கில் இரண்டு இருக்கும். அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் ரொம்ப நாள் கேட்கவில்லை.

பறித்த புகையிலையைக் காற்றில் தொங்கவிட்டு மெதுவாகக் காயவைத்தால் இலை தன் சர்க்கரையைத் தானே செலவழித்துவிடும். மஞ்சளாகிற நேரம் பார்த்துச் சூட்டை ஏற்றிச் சட்டென்று உலர்த்தினால் சர்க்கரை உள்ளேயே நின்றுவிடும். வட கரோலினாவின் காஸ்வெல் வட்டாரத்தில் இது 1839இல் நடந்ததாக அங்கே வரலாறாகச் சொல்கிறார்கள். அபிஷா ஸ்லேட் என்ற பண்ணைக்காரரின் கொட்டகையில் ராத்திரி நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஓர் இளைஞனுக்கு. பெயர் ஸ்டீஃபன். அடிமை. கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் நெருப்பு அணையப்போகிறது. பயந்துபோய் கரி கொண்டுவந்து கொட்டினான். சூடு எகிறியது. இலை பொன் மஞ்சளாகிவிட்டது. அந்த மஞ்சள் இலைக்கு நல்ல விலை கிடைத்தது. ஸ்லேட் பேர் வாங்கினார். சர்க்கரை நிற்கும் இந்தப் பதப்படுத்தல் முறைமேல்தான் பின்னால் வந்த சிகரெட் தொழிலும் பெருமளவுக்கு நின்றது.

என் 'தோசைக்கல் இனிப்பு' அந்த விடியற்காலையில் ஆரம்பிக்கிறது. தூங்கிவிட்டோமே, என்ன செய்வார்களோ என்று ஓர் அடிமை பயந்த விடியற்காலையில்.

மற்ற இரண்டு இலைகளுக்கும் இதேபோல ஒரு பின்பக்கம் உண்டு. ஓரியண்டல் இலை உள்ளங்கையளவுதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பறித்து, ஊசியில் கோத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். கை வேலை. அந்த இலையைத் தரம் பிரித்த கிரேக்கத் தொழிலாளர்கள் 1936 மே மாதம் தெசலோனிக்கியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கே இறந்த ஒருவரின் உடலருகே அவர் தாய் மண்டியிட்டிருக்கும் படம் செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்துத்தான் யானிஸ் ரிட்ஸோஸ் 'எபிதாஃபியோஸ்' எழுதினார். லடாக்கியா, பெயரே சொல்வதுபோல, சிரியாவின் துறைமுக ஊர். அங்கே இலையைப் புகைபோட மரத்தை வெட்டி வெட்டிக் காடு தாங்கவில்லை. இன்று டின்களில் வரும் லடாக்கியா சைப்ரஸிலிருந்து வருகிறது. ஊர் மாறியது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இதையெல்லாம் நாக்கில் ருசிக்க முடியாது. உண்மைதான். ஒரு நாவலின் நடையை மட்டும் பேசிவிட்டு அது யார் முதுகில் எழுதப்பட்டது என்று கேட்காமல் விடுகிற விமர்சனமும் இதையேதான் சொல்லும்.

5

பெயர் தங்கி, பொருள் மாறுவது டின்னுக்கும் நடந்தது. டன்ஹில் புகையிலையை முதலில் லண்டனில் செய்தார்கள். பிறகு பெல்ஃபாஸ்ட்டில், பிறகு டென்மார்க்கில். 2018இல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை வருவதே நின்றது. அடுத்த வருடமே அதே கலவைகள் டப்ளினின் பழைய பைப் கம்பெனியான பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தன. எர்லி மார்னிங் பைப் என்ற பெயர் அப்படியே இருந்தது.

பைப்காரர்கள் மத்தியில் இது தீராத வழக்கு. லண்டன் காலத்து டின்தான் அசல், பெல்ஃபாஸ்ட் பரவாயில்லை, மற்றதெல்லாம் நகல். பழைய டின்களைப் பெரிய விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் 2016இல் வாங்கிய டன்ஹில் டின் ஒன்று மிச்சமிருந்தது. 2020இல் ஒரு நண்பன் பீட்டர்சன் டின் கொண்டுவந்தான். சரி, டெஸ்ட் பண்ணிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரே மாதிரி இரண்டு பைப். எது எதில் என்று எனக்குத் தெரியாமல் மனைவி நிரப்பித் தருவாள். எட்டு நாள். நான் சரியாகச் சொன்னது நான்கு முறை. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

எட்டு முறை என்பது பெரிய சாம்பிள் இல்லை. இதைவைத்து இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர் தெரிந்து பிடித்த நாட்களில் பழைய டின்னைப் பற்றி என் ஷீட்டில் 'ஆழம்' என்ற சொல் ஒன்பது தடவை வருகிறது. பெயர் தெரியாத நாட்களில் ஒருதடவைகூட வரவில்லை.

தவிர, அசல் என்று ஒன்று டின்னுக்குள்ளும் காத்திருப்பதில்லை. வர்ஜீனியா மூடிய டின்னில் வருடக்கணக்காக முதிர்ந்துகொண்டே இருக்கும். கூர்மை போய் வட்டமாகும். லடாக்கியா அதே காலத்தில் மங்கும். முப்பது வருட டின்னைத் திறக்கிறவர் முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்ததைப் பிடிப்பதில்லை. பெருங்காயம் போய்விட்ட சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் காலத்துக் கைமணம் என்கிறார். ஏடுகளில் பாடபேதம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மூலம் என்பது பல நேரம் நாம் பின்னோக்கி எழுதுவது.

6

இப்போது அந்த 34 நாட்கள்.

2021 மே. ஊரில் எல்லார் வீட்டிலும் யாராவது படுத்திருந்த மாதம். எனக்கு லேசாகத்தான் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் மூக்கு போனது. காபிப்பொடி டப்பாவைத் திறந்து மோந்தேன், ஒன்றுமில்லை. பூண்டு, ஒன்றுமில்லை. எர்லி மார்னிங் பைப் டின்னைத் திறந்தேன். வெறும் தகர டப்பா.

பைப் பிடிப்பவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. நாங்கள் சிகரெட்காரர்கள் இல்லை, புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, எங்களுக்கு வேண்டியது ருசி. நானும் நம்பினேன். அதுவும் எர்லி மார்னிங் பைப் மாதிரி ஒன்றில் நிகோடின் நிதானமாகத்தான் ஏறும். சர்க்கரை அதிகமுள்ள இலையின் புகை அமிலத் தன்மை கொண்டது. அந்தப் புகையிலிருந்து நிகோடின் வாயின் தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் அவ்வளவு சுலபமாகப் போகாது. காற்றில் உலர்த்திய சுருட்டு இலையின் புகை காரத் தன்மை கொண்டது, அதில் சுலபமாகப் போகும். ஆகவே என் கலவை மென்மையானது, நான் ரசிகன், அடிமை அல்ல. வாதம் கச்சிதமாக இருந்தது.

ருசியில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மூக்கு போனால் ரசிகனுக்கு பைப்பில் ஒன்றும் மிச்சமில்லை. ரசிகன் மட்டும்தான் நான் என்றால் அன்றைக்கே பைப்பைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. தனிமையில் இருந்த அறையின் பால்கனியில் நின்று, காய்ச்சல் விட்ட மறுநாளிலிருந்து, ருசியே இல்லாத வெந்நீராவியை இழுத்துக்கொண்டிருந்தேன். நாளுக்கு ஒன்று என்றிருந்த கணக்கு இரண்டு, சில நாள் மூன்று என்று ஆனது. நுரையீரலைத் தாக்கும் நோய் வந்து எழுந்தவன் செய்கிற காரியமா இது? தெரிந்தேதான் செய்தேன். ஷீட்டில் நேரத்தைக் குறித்தேன். சுவைக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் புகையிலை என்றால் நம் ஆட்கள் பெருமையாக எடுத்துக்காட்டுவது திருச்சிச் சுருட்டை. 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். எனக்கு அந்த நாட்களில் ஞாபகம் வந்தது வேறொன்று. 'இன்ஜினியரின் கட்டைவிரல்' கதையில் ஹோம்ஸ் காலை உணவுக்கு முன் ஒரு பைப் பிடித்துக்கொண்டிருப்பார். முந்தைய நாள் பைப்புகளில் எரியாமல் தங்கிய ஈரக் கசண்டையெல்லாம் சேர்த்து, கணப்பு மாடத்தின் மூலையில் உலர்த்தி, அதைப் போட்டு நிரப்பியது. பள்ளிக்கூட நாட்களில் படித்தபோது விசித்திரமான மனிதர் என்று சிரித்தேன். இப்போது பார்க்கையில், காலைப் பைப்பைப் பற்றி நேர்மையாகச் சொன்னவர் டாயில்தான். எழுந்ததும் உடம்பு கேட்கிறது. எது கிடைத்தாலும் சரி என்கிறது. டன்ஹில் செய்தது அந்தக் கேட்பதற்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிட்டது. நான் ஐந்து வருடமாக அந்தச் சட்டைக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு வந்த முடிவு, ருசி என்பதெல்லாம் பொய், சாக்கு என்பது. கோபத்தில் வரும் முடிவுகள் எளிமையாகத்தான் இருக்கும். அது தப்பு என்று 35ஆம் நாள் தெரிந்தது. மூக்கு கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் வந்தது லடாக்கியா. டின்னைத் திறந்தபோது எங்கோ தூரத்தில், மூன்று தெரு தள்ளி, ஒரு விறகடுப்பு. அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் மிகை, கண் கலங்கியது. நிகோடினுக்காகக் கண் கலங்குவதற்கு அவசியமே இல்லை, அதுதான் நாளுக்கு மூன்று முறை கிடைத்துக்கொண்டிருந்ததே. நான் இழந்து தவித்தது வேறொன்று. அதுவும் உண்மையாகவே இருந்திருக்கிறது.

ஆக, ருசியும் உண்மை, அடிமைத்தனமும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற மதிப்புரை பாதி மதிப்புரை. இந்தக் கலவை இவ்வளவு அளவோடு, இவ்வளவு நிதானத்தோடு செய்யப்பட்டிருக்கிறது என்பது அதன் கலை. அந்த நிதானம்தான் தினமும் காலையில் என்னை அதனிடம் கூட்டிக்கொண்டுபோனது. முரட்டுப் புகையிலையை நான் எப்போதோ விட்டிருப்பேன்.

7

மூக்கில்லாத நாட்களில் எனக்கு மூக்காக இருந்தவள் மனைவி. பால் பொங்கி அடிப்பிடித்தால் அவள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்ல வேண்டும். ஒருநாள் சும்மா கேட்டேன், பைப் வாசம் உள்ளே வருதா என்று. ஐந்து வருடத்தில் நான் அவளிடம் இதைக் கேட்டது அதுதான் முதல்தடவை. பால்கனி என்றால் வெளியே என்பது என் கணக்கு.

"வராம? பற்ற வச்சதும் கொஞ்ச நேரம் கருப்பட்டிக் காப்பி மாதிரி நல்லாத்தான் இருக்கும். அப்புறம் தண்ணி ஊத்தி அணைச்ச அடுப்பு. சாயங்காலம் பார்த்தா திரைச்சீலையில ஈரத்துணி காயாம கிடந்த நாத்தம். ரெண்டு வாட்டி தோச்சேன், நீ கவனிக்கல. உன் சட்டையில மட்டும் மறுநாள் வரைக்கும் போகாது."

எர்லி மார்னிங் பைப்பைப் பற்றி நான் படித்த மதிப்புரைகளில் இதுதான் சிறந்தது. இரவல் சொல் ஒன்றுகூட இல்லை. ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் இருக்கிறது. நான் கிண்ணத்தோடு முடித்துக்கொண்ட கதையை மறுநாள் வரைக்கும் கொண்டுபோகிறது. முடிவு எழுதத் தெரியாத சிறுகதை என்று எழுதினேனே, முடிவு இருந்திருக்கிறது. அதை எழுதும் வேலையை வேறொருவர் திரைச்சீலையைத் துவைத்துச் செய்துகொண்டிருந்தார். ரூம் நோட் என்ற கட்டம் மதிப்புரைகளில் ஏன் கடைசியில் ஒற்றை வரியாக இருக்கிறது என்பதும் அப்போது புரிந்தது. அந்தக் கட்டத்தில் பேச வேண்டியவர்கள் மதிப்புரை எழுதுவதில்லை.

'பீட்டர் பேன்' எழுதிய ஜே. எம். பேரி 1890இல் 'மை லேடி நிகோடின்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆர்கேடியா மிக்ஸ்ச்சர் என்ற புகையிலைக் கலவைதான் அதில் கிட்டத்தட்ட கதாநாயகி. கதைசொல்லி கல்யாணத்துக்காகப் புகைப்பதை விட்டுவிடுகிறான். கடைசியில், மனைவி தூங்கியபிறகு, வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரன் பைப் பிடிக்கும் அரவத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறான். வேடிக்கையான புத்தகம், அந்த முடிவும் அழகு. ஆனால் தூங்குவதாகச் சொல்லப்படும் அந்த மனைவிக்குச் சுவரைத் தாண்டி என்ன வாசம் வந்தது என்று அதில் யாரும் கேட்கவில்லை.

தினமும் பிடிப்பதை அந்த வருடம் ஜூலையில் நிறுத்தினேன். லேசாக இல்லை. இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை நின்றது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு பைப் போதும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தது உதவவில்லை. அந்த 71 காலிக் கட்டங்கள் உதவின. ஒரு மதிப்புரை கடைசியில் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். அளவு என்றால் என்ன என்பதை இவ்வளவு துல்லியமாகப் புரியவைத்த இன்னொரு கலவையை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு இது வேண்டாம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பீட்டர்சன் டின்னில் கால்வாசி மிச்சமிருக்கிறது. புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். எப்போதாவது மூடியைத் திறந்து மோந்துவிட்டு மூடிவிடுவேன். புளிப்பும் இனிப்பும் அப்படியே இருக்கின்றன. லடாக்கியா மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டதுபோல் தோன்றியது. போன வாரம் மனைவியிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "இல்லையே, அப்படியேதான் இருக்கு" என்றாள்.